எல்லாவற்றுக்கும் ஒரே டிரம்பெட்

எங்கள் பேண்டு செட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் குடவாசல் பக்கத்துப் பண்ணைச் சேற்றில் கால் வைத்து வளர்ந்தவர்கள். பழைய டிரம்பெட் ஊதினால் சளி பிடித்த ஆட்டைப்போல் செருமியது. புதிதாக ஒன்றுதான் வாங்க முடியும். அந்த ஒன்றே நிக்காஹ் ஊர்வலத்துக்கும் எழவு வீட்டுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதற்கு மேலும் ஒரு சங்கதி இருந்தது. மிராசுதார் மகள் கல்யாணத்துக்கு மந்திரி வருகிறாராம். அதனால் மிராசுதார் பேண்டு வைக்கப் போகிறார். இதமாக ஊதினால் நாங்கள், இல்லாவிட்டால் தஞ்சாவூர் செட். அவர் தெருவுக்குள் எங்கள் ஆட்கள் அதுவரை கொல்லைப்புறமாகத்தான் போயிருக்கிறார்கள். வாசல் வழியாக, அதுவும் சத்தம் போட்டுக்கொண்டு போகிற வாய்ப்பை நான் விடுவதாக இல்லை.

கூத்தாநல்லூரில் சிங்கப்பூர் போய்வந்த பாய் ஒருவர் இரண்டு டிரம்பெட் வைத்திருந்தார். ஒன்று வெள்ளி முலாம். மற்றது நிறம் மங்கிய பித்தளை. எங்களுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: எத்தனை வாய்க்கால் தாண்டிக் கேட்கிறது? பெரிய டிரம் அடிக்கும் மச்சான், என் அக்காள் புருஷன், நான் ஊத ஊத வயலில் இறங்கி நடந்தார். கேட்டால் துண்டை வீசுவார். முலாம் மூன்று வாய்க்கால் தாண்டியது. பித்தளை முதல் வாய்க்காலிலேயே படுத்துவிட்டது. மச்சான் வரப்பிலிருந்தே விலை பேசத் தொடங்கினார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தம்பி, மூணு வாய்க்கா தாண்டி நிக்கிறவனா ஒங்களுக்குச் சோறு போடப்போறான்? பக்கத்துல இருக்கறவனுக்கு ஊதிப் பாருங்க."

கூடத்தில் உட்கார்ந்து ஊதினேன். மூச்சைக் குறைத்ததும் முலாம் கோபித்துக்கொண்டு சுருதி விலகியது. பித்தளை தாலாட்டுக்கும் இழைந்தது, ஒப்பாரிக்கும் இழைந்தது. நெஞ்சைக் கொடுத்து ஊதினால் மார்ச்சுக்கும் நிமிர்ந்தது. அதையே எடுத்தேன். திரும்பும் பஸ்ஸில் மச்சான் என்னோடு பேசவில்லை. எனக்குக் காது மந்தம் என்று கண்டக்டரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கல்யாணத்தில் மிராசுதார் வாசலில் நான் மெல்ல இழுத்த பாட்டைக் கேட்க, உள்ளே இருந்த பெண்களெல்லாம் வெளியே வந்து நின்றார்கள். அந்தத் தெருவில் மச்சான் செருப்புப் போட்டு நடந்தார். புதுச் செருப்பு, நன்றாகக் கடித்தது, கழற்றவில்லை.

அறுப்பு வந்தது, கூலிப் பேச்சு முறிந்தது. சங்கக் கொடியும் பேண்டுமாக எங்கள் ஊர்வலம் அதே தெருமுனைக்கு வந்தபோது மிராசுதாரின் காரியஸ்தர் குறுக்கே நின்றார். உள்ளே வரக்கூடாது என்றார். போன மாதம் இதே தெருவில்தானே ஊதிக்கொண்டு போனோம் என்று கேட்டேன்.

"அன்னிக்குப் போனது பேண்டு. நீங்க இல்ல" என்றார்.

உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதமாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. மச்சான்தான் நிதானமாகப் பேசினார்.

"சரிங்க. இன்னிக்கும் பேண்டுதான் போவுது. நாங்க அதுக்குப் பின்னால வர்றோம்." பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக ஊதித் தொலைக்காதே என்றார்.

நெஞ்சில் இருந்ததையெல்லாம் கொடுத்து ஊதினேன். காரியஸ்தர் சுவரோரம் ஒதுங்கினார். அந்தத் தெரு வீடுகளுக்கு ஆயுசெல்லாம் சாணி அள்ளிய என் அம்மா, கொடியைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து வந்தாள்.