குடைக் கம்பியும் கண்ணாடியும்

அழைப்பு மணியை ஒரே ஒரு முறை அமுக்கிவிட்டு, இரண்டு அடி பின்னால் நகர்ந்து நிற்கிறாள் சித்தி. கழுத்து அட்டையை, புடவைக்கு மேல் போட்ட சட்டைக்கு வெளியே எடுத்துவிடுகிறாள். “கரண்டு ரீடிங்” என்று ஒரு குரல், அவ்வளவுதான். உள்ளேயிருந்து பதில் வர ஒரு நிமிடம் ஆனாலும் மணியை மறுபடி தொடமாட்டாள்.

சொந்த வீட்டுக்கு வரும்போதும் இதே கதை. சாவி கைப்பையில் இருக்கும். ஆனாலும் ஒரு மணி, இரண்டு அடி. பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் சித்தப்பா கதவைத் திறந்து, “இந்த வீட்டுக்குப் போன மாசமே ரீடிங் எடுத்தாச்சுங்க” என்பார்.

பதினோரு ஆண்டுகளாக மின்கணக்கு எடுக்கிறாள். மனிதர்களை யூனிட்டை வைத்துத்தான் நினைவில் கொள்வாள். “அந்த எழுநூறு யூனிட் வீட்டு மாப்பிள்ளை” என்பாள். “பாவம், நாற்பதுலயே குடும்பம் நடத்துறா அந்தப் பொண்ணு” என்பாள். யார் வீட்டிலும் நிலைப்படி தாண்டமாட்டாள். கேட்டால், “உள்ள போனா தண்ணி குடிங்கன்னு ஆரம்பிச்சு மாமியார் கதைல வந்து நிக்கும். ஒரு நாளைக்கு நூத்தி இருபது வீடு. அத்தனை மாமியாரை என் உடம்பு தாங்காது” என்பாள்.

மீட்டர் உட்சுவரில் இருந்தால்? அதற்குத்தான் அந்தக் கம்பி. உடைந்துபோன குடையிலிருந்து துணியைக் கழற்றி, முனையில் உள்ளங்கை அகலக் கண்ணாடியைக் கட்டி வைத்திருக்கிறாள். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அதை நீட்டி, கண்ணாடியில் தெரியும் எண்ணை இலாகா கொடுத்த கருவியில் படமெடுப்பாள். எண்கள் இடம் வலமாக மாறித்தான் விழும். அவளுக்கு அது பழகிப்போன எழுத்து. அலுவலகத்துக்குப் பழகவில்லை. ‘படங்கள் மாறி உள்ளன, இனி தொடர்ந்தால் நடவடிக்கை’ என்று வந்த மெமோவைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள், பால் வாங்க வேண்டிய சீட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமைக் காலை எங்கள் வீட்டு மணி மூன்று முறை அடித்தது. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

“நல்ல சேதிக்காரங்க இப்படி அடிக்கமாட்டாங்க” என்றபடி சித்தி திறந்தாள். ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு பெண் காவலரும். அதிகாரியின் பூட்ஸ் கால் அதற்குள் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

“சார், ரெண்டு அடி தள்ளி நின்னு சொல்லுங்க. அப்படியே உங்க கார்டையும் காட்டிடுங்க.”

“யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?” என்றார் பெண் காவலர்.

“தெரியலையே மேடம். அதனாலதான கார்டு கேக்குறேன். நானும் காட்டிட்டுத்தான் கேப்பேன்.”

சித்தப்பா அவசரத்தில் சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். குடிமக்கள் உரிமைகள் என்ற தாளில் எழுபத்திரண்டு வாங்கியவள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாளிலிருந்து ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை.

 அதிகாரி காலைப் பின்னால் எடுத்தார். அட்டையைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னார். முந்தின நாள் சித்தி கணக்கெடுத்த ஒரு வீட்டில், கூடத்து மேசையில் இருந்த கைக்கடிகாரத்தைக் காணோம். விலை உயர்ந்தது. “நான் குளிச்சிட்டு இருந்தேன், கேட் தொறந்துதான் இருந்துச்சு, மீட்டர்காரம்மா உள்ள வந்துட்டுப் போனாங்கன்னு அந்தம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. வண்டில ஏறுங்க, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்.”

மாடிப்படியில் மேல் வீட்டுக் கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது. எதிர் வீட்டுக் கதவும். சித்தி அதைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

“வண்டி மட்டும் வேணாம் சார். நடந்தே வரேன். போலீஸ் வண்டில என்னப் பாத்துட்டா நாளைக்கு எவ எனக்குக் கேட்டத் தொறப்பா? கேட்டு தொறக்கலன்னா எனக்கு வேலையே இல்ல சார்.”

அதிகாரி படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“உள்ள நான் போகவே இல்ல. படம் இருக்கு” என்றவள் என் பக்கம் திரும்பி, “ரீடிங் மெஷின் சார்ஜ்ல இருக்கு பாரு, எடுத்துட்டு வா” என்றாள். நல்ல வேளை, அதற்காவது என் கால் நகர்ந்தது.

அதிகாரி படத்தை விரலால் பெரிதாக்கினார். “என்னம்மா இது, நம்பரெல்லாம் மாறிக் கெடக்கு?”

“கண்ணாடில எடுத்தது சார். வெளிய நின்னு எடுத்தா அப்படித்தான் வரும். இதுக்காக மெமோகூட வாங்கியிருக்கேன், காட்டவா?”

அவர் படத்தின் ஓரத்துக்குப் போனார். ஒரு கேட்டுக் கம்பி. அதில் தொங்கிய பூட்டு. கீழே படமெடுத்த நேரம், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

“பூட்டித்தான் இருந்திருக்கு” என்றார்.

“பூட்டுனது அந்தம்மாவுக்கே மறந்திருக்கும் சார்.”

பெண் காவலர் கதவோரம் சாய்ந்திருந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இதை வச்சே எடுத்திருக்கலாம்ல?”

“கூடத்து மேசை வரைக்குமா? அதுல கண்ணாடிதான் மேடம் இருக்கு, கை இல்ல.”

அதிகாரி சிரித்துவிட்டார். படத்தைத் தன் செல்போனில் பிடித்துக்கொண்டு கிளம்பியவரைச் சித்தி நிறுத்தினாள். “சார், ஒரு உதவி. போகும்போது கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டுப் போங்க.”

அவருக்குப் புரிந்தது. படிக்கட்டில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கும்படி, “உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நாங்க வரோம்” என்றார். மேலே ஒரு கதவு மூடியது. பிறகு எதிரே ஒன்று.

“இப்பவாவது சட்டையத் திருப்பிப் போடுங்க” என்றாள் சித்தி.

இந்த மாதம் அந்தத் தெருவுக்கு அவளோடு நானும் போனேன். எனக்கு ஒரு நேர்காணல், இரண்டு தெரு தள்ளி. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்த வீட்டு கேட் அகலமாகத் திறந்து கிடந்தது. சித்தி மணியை ஒரு முறை அமுக்கினாள். இரண்டு அடி பின்னால் வந்தாள்.

அந்த அம்மா வேகமாக வந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது. “பழைய கைப்பைல கெடந்துச்சும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள வாங்க, உள்ள வந்தே பாருங்க.”

“அதனால என்னம்மா, இருக்கட்டும்” என்றாள் சித்தி. முகம் நிறையச் சிரிப்பு. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்து, திறந்த வாசலுக்குள் கம்பியை நீட்டினாள்.