மூன்று ஹீட்டர்களில் ஒன்று

போன சனிக்கிழமை பாசலில் இருந்து ஒரு வாசகி அழைத்தார்.

“அக்கா, நீங்கள் முந்தி ஒருக்கால் எழுதினனீங்கள்... உங்கடை அவரின்ரை வேலை வண்டிக்கு ஹீட்டர் பூட்டினதெண்டு. என்ரை தம்பியும் உப்பிடி ஒரு வண்டிதான் ஓடுறான், திராட்சைத் தோட்டத்திலை. எந்த ஹீட்டர் நல்லம்?”

சாதாரணக் கேள்விதான். நானோ, “அடுப்பிலை கறி கிடக்கு, பிறகு எடுக்கிறன் தங்கச்சி” என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் கறி இல்லை.

அந்த ஹீட்டர் கட்டுரையை நான் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். ஆனால் அதை எழுதியது டிசம்பர் தொடக்கத்தில். ஜனவரி அப்போது வந்திருக்கவில்லை. ஜனவரியில் நடந்ததை நான் இதுவரை எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: சுவிஸில், ஓல்டன் நகருக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு உதவியாளர். என் கணவர் கதிருக்கும் அங்கேதான் வேலை – வெளிவேலை. இலை கூட்டுவது, பனி தள்ளுவது, இரண்டு கட்டடங்களுக்கும் இடையே சாப்பாடும் துணியும் ஏற்றி இறக்குவது. அங்கே எல்லோரும் அவரை ‘கதி’ என்பார்கள். யார் என்ன கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘அல்லெஸ் கூட்.’ எல்லாம் நல்லம்.

அவருடைய வண்டி ஜீப்பும் இல்லை, டிராக்டரும் இல்லை. இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஒன்று. பெரிய டயர்கள், முன்னால் பனி தள்ளும் தகடு, பின்னால் சாமான் பெட்டி, அதன் முடிவில் உப்புத் தூவும் மெஷின். மேலே கூரை, முன்னால் கண்ணாடி, இரண்டு பக்கமும் இழுத்துத் திறக்கும் சிப் வைத்த பிளாஸ்டிக் கதவு. கூடாரத்துக்குள் இருந்து கார் ஓட்டுவது போல. ஹீட்டர் கிடையாது.

அந்த வண்டியில் அவருக்கு அப்படி ஒரு பிரியம். விடிய மேல் கட்டடத்துக்குப் போகும் வளைவில் நிறுத்தி, கீழே ஆரே ஆற்றின் மேல் மூடுபனி கலைவதை ஒரு நிமிடம் பார்ப்பாராம். “இதுக்கே சம்பளம் தரலாம்” என்பார்.

பிரச்சினை அவருடைய கைகளில் இருந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பாசலில் வீதி வேலையில், பல வருடங்கள் தார் உடைக்கும் மெஷின் பிடித்தவர். அந்த அதிர்வு விரல்களுக்குள் இருந்த ரத்தக்குழாய்களைக் கெடுத்துவிட்டது. குளிர் பட்டால் விரல்கள் வெள்ளையாகிவிடும். வெள்ளை என்றால் மெழுகுவர்த்தி வெள்ளை. உணர்வு போய்விடும். பிறகு சூடு ஏறும்போது வலி... அதை நான் சொல்ல முடியாது, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கையுறை போடலாமே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. போட்டார். ஆனால் தகட்டை ஏற்றி இறக்கும் நெம்புகோல் விரல் அளவுதான். அதன் தலையில் குட்டிக் குட்டிப் பொத்தான்கள். தடித்த கையுறையோடு அமத்தினால் தகடு ஏறவேண்டிய இடத்தில் இறங்கும்.

டாக்டர் சொன்னார்: “கையைச் சூடாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் இந்த வேலை கிடையாது.”

ஐம்பத்தாறு வயதில் ‘இந்த வேலை கிடையாது’ என்றால் என்ன அர்த்தம்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ரேதோ நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும், “சரி, ஹீட்டர் போடுவோம். எது வேண்டும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அவ்வளவு சுலபமாக!

ஒரு ஞாயிறு மத்தியானம். குசினி மேசையில் மூன்று கட்டலோக். ஜெர்மன் வாசிப்பது நான். வண்டி தெரிந்தவர் அவர்.

முதலாவது, சுடுதண்ணீர் ஹீட்டர். எஞ்சினைக் குளிராக்க ஓடுகிற தண்ணீர் சூடாகத்தானே இருக்கும்? அதைக் குழாய் வழியாக வண்டியின் உள்ளே கொண்டுவந்து, ஃபேன் வைத்து அந்தச் சூட்டை ஊதுவது. முன் கண்ணாடிக்கும் காற்று வரும். இரண்டாவது, டீசலில் தனியாக எரியும் ஹீட்டர். மூன்றாவது, பேட்டரியில் ஓடும் மின்சார ஹீட்டர். சப்பாத்துப் பெட்டி அளவு.

டீசலை நான் அந்த இடத்திலேயே வெட்டிவிட்டேன். “உந்தப் புகை உள்ளுக்கை வந்தா? நீங்கள் நிலக்கீழ் வழியாலை எல்லாம் ஓடுறனீங்கள்...”

இவர் தலையாட்டினார். பிறகு முதலாவது படத்தில் விரலை வைத்தார்.

“இதுதான் சரி. தண்ணிச் சூடு எண்டா எஞ்சின் ஓடுமட்டும் வரும். கண்ணாடியும் தெளியும்.”

“எஞ்சின் சூடாகிற வரைக்கும்?”

“பத்து நிமிசம் முந்தி ஸ்டார்ட் பண்ணி விடலாம்.”

“இஞ்சையோ? வண்டியை நிப்பாட்டி வைச்சு எஞ்சினை ஓடவிட்டா, பக்கத்து வீட்டுக்காரர் கடிதம் எழுதுவினம்.”

சிரித்தார். ஆனால் விரலை எடுக்கவில்லை.

நான் கீழே இருந்த சின்ன எழுத்தை வாசித்தேன். இதைப் பூட்ட வண்டி சோலோதுர்ன் நகரத்தில் உள்ள வேர்க்ஸ்டாட்டுக்கு, அதாவது வண்டி திருத்தும் இடத்துக்கு, போகவேண்டும். மூன்று நாள் அங்கே நிற்கும். குளிர்காலம் தொடங்கிவிட்டது. அந்த மூன்று நாளும் பனி கொட்டினால் யார் தள்ளுவது? மின்சார ஹீட்டர் என்றால் இரண்டு வயர், நாலு ஆணி. இவரே ஒரு பின்னேரத்தில் பூட்டிவிடுவார்.

“இஞ்சருங்கோ, ரேதோவிட்டைப் போய் வண்டியை மூண்டு நாள் அனுப்பு எண்டு எப்பிடிக் கேக்கிறது? அந்த மனுசன் ஓமெண்டு சொன்னதே பெரிசு. கரண்ட் ஹீட்டரை எடுப்பம். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை.”

“கரண்ட் காணாது எண்டு நினைக்கிறன்...”

“உங்களுக்கு எல்லாம் காணாதுதான்.”

இதைச் சொன்னது நான். விளையாட்டாகத்தான் சொன்னேன். இவர் படத்தில் இருந்து விரலை எடுத்தார். “சரி, நீர் சொல்லுறதும் சரிதான்” என்றார்.

ரேதோ அடுத்த நாளே ஒப்புக்கொண்டார். பெட்டி வந்தது, பூட்டினார், நான் கட்டுரை எழுதினேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜனவரியில் பனி வந்தது.

ஹீட்டர் முழங்கால் இரண்டையும் சூடாக்கியது. அவ்வளவுதான். கைக்கு வரவில்லை, கண்ணாடிக்கும் வரவில்லை. அதைவிட மோசம், உப்புத் தூவும் மெஷினும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வண்டி படுத்துவிடும். உப்புப் போடும்போது ஹீட்டரை அணைக்க வேண்டும். உப்பு எப்போது போடுவார்கள்? உறைகிற குளிரில். ஹீட்டர் எப்போது வேண்டும்? யோசித்துப் பாருங்கள்.

உட்கார்ந்திருப்பவருடைய மூச்சு கண்ணாடியில் படிந்து உள்பக்கமே உறையத் தொடங்கியது. சட்டைக் கையால் துடைப்பார். சரிவராவிட்டால் கதவின் சிப்பைத் திறந்து, தலையை வெளியே நீட்டி ஓட்டுவார். அந்தக் காற்று நேரே கையில்.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரியும்? பிறகுதான். அப்போது நான் கேட்ட நேரமெல்லாம் கிடைத்த பதில் – “ஹீட்டர் நல்ல வேலை.” நான் தெரிவு செய்ததல்லவா... என்னை நோகடிக்க விரும்பவில்லை. ரேதோ கேட்டாலும் ‘அல்லெஸ் கூட்.’

ஒரு புதன்கிழமை காலை. வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரம். நான் இரண்டாம் மாடியில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளோடு நின்றேன். கீழே தடார் என்று ஒரு சத்தம்.

ஜன்னலால் பார்த்தேன். வண்டி மதிலில் மோதி, சரிவுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கு மூன்று எட்டு தள்ளி, முதியவர்கள் ஊன்றி நடக்கும் கைத்தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஒரு மூதாட்டி. எண்பத்தொன்பது வயது. மார்த்தா என்று வைத்துக்கொள்வோம். பறவைகளுக்கு ரொட்டித் துண்டு போட, யாரிடமும் சொல்லாமல் இறங்கி வந்திருக்கிறார்.

நான் எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது.

மார்த்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சமும் பதறாமல், “இந்த ஆளுக்கு ஒரு கோப்பி கொடுங்கள், அவர் நன்றாக இல்லை” என்றார் என்னிடம்.

இவர் உள்ளேயே இருந்தார். சீட் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. விரல் மடங்கவில்லை.

“அவவுக்கு ஒண்டும் இல்லையே? சொல்லும், ஒண்டும் இல்லையே?”

“இல்லை... அவ நிக்கிறா. நல்லா நிக்கிறா.”

“கண்ணாடியாலை தெரியேல்லை. கிட்ட வரத்தான் சால்வையைக் கண்டனான். கால் பிரேக்கிலை போட்டுது. வழுக்கிக்கொண்டு போச்சு. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினன்... கை கேக்கேல்லை. ரெண்டாம் தரந்தான் கேட்டது.”

பெல்ட்டை நான்தான் கழற்றினேன். அவருடைய இரண்டு கைகளையும் என் கமுக்கட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டு பனியில் நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். சூடு ஏறத் தொடங்கியதும் பல்லைக் கடித்தார். இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது போல இருந்தது.

மத்தியானம் படிவம் வந்தது, விபத்து அறிக்கை. காரணம் என்ன என்று ஒரு வரி இடம். எழுதுவது நான்.

“என்னிலைதான் பிழை எண்டு எழுதும்” என்றார் இவர்.

“கண்ணாடி தெரியேல்லை எண்டெல்லோ எழுத வேணும்?”

“எழுதினா ஹீட்டரைக் கேப்பினம். தெரிவு செய்தது ஆரெண்டு கேப்பினம். வேண்டாம். விடும்.”

வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவள் நான். யார் யாருக்கோ புத்தி சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு வரியில் என்ன எழுதினேன் தெரியுமா?

‘பாதை வழுக்கலாக இருந்தது.’

கையெழுத்துப் போட்டார். பேனையைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து.

டாக்டர் அதற்குப் பிறகு விட்டுக்கொடுக்கவில்லை. குளிரில் வெளிவேலை இனிக் கிடையாது என்று எழுதித் தந்துவிட்டார். ரேதோ உள்ளே ஒரு வேலை தேடிக் கொடுத்தார். வெளிவேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தார், போர்த்துக்கல்காரர். முதல் நாள் திருத்தி வந்த வண்டியில் ஏறினார், இறங்கினார், நேரே ரேதோவிடம் போனார். நான் அப்போது கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“இந்தக் கண்ணாடிக்குச் சூடு வராது. நான் ஓட்டமாட்டேன்” என்றார் உடைந்த ஜெர்மனில்.

சண்டை இல்லை. கெஞ்சல் இல்லை. ரேதோவும் முகம் சுளிக்கவில்லை. “ஓ, அப்படியா?” என்றார், தொலைபேசியை எடுத்தார். அடுத்த கிழமை வண்டி சோலோதுர்ன் போனது. சுடுதண்ணீர் ஹீட்டர் பூட்டினார்கள். அந்த மூன்று நாளும் பனியை யார் தள்ளியது? பக்கத்துப் பண்ணைக்காரர், தன் டிராக்டரால். ஒரு அழைப்பில் வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரேதோவிடம் கேட்டேவிட்டேன், “எங்களுக்கு ஏன் இதைச் செய்யவில்லை?”

அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “நீங்கள் கேட்கவில்லையே? நான் எத்தனை தடவை விசாரித்தேன். கதி எப்போதும் ‘அல்லெஸ் கூட்’ என்றுதானே சொன்னார்?”

அவரில் என்ன பிழை? ஒன்றும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. திட்டுவதற்காவது ஒருவர் கிடைத்திருந்தால்...

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறோம். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று, வோட்டும் போடுகிறோம். ஆனாலும் ‘எது வேண்டும்?’ என்று யாராவது கேட்டால், எது வேண்டும் என்று நாங்கள் யோசிப்பதில்லை. எதைக் கேட்டால் அவர்களுக்குக் கரைச்சல் இல்லை என்றுதான் யோசிக்கிறோம். அகதி முகாமில் போர்வை வாங்கிய நாளில் பிடித்த பழக்கம். அது எங்களுக்கு மரியாதை மாதிரித் தெரிகிறது. எனக்கு அன்றைக்கு அது கெட்டித்தனம் மாதிரிக்கூடத் தெரிந்தது.

பாசல் தங்கச்சி, உங்கள் தம்பிக்குச் சுடுதண்ணீர் ஹீட்டர் போடச் சொல்லுங்கள். கண்ணாடிக்கும் காற்று வருகிற மாதிரி. வண்டி எத்தனை நாள் நின்றாலும் நிற்கட்டும். முக்கியமாக, அவர் எந்தப் படத்தில் விரலை வைக்கிறார் என்று பாருங்கள். வைத்தால், அந்த விரலை எடுக்க விடாதீர்கள்.

இவருக்கு இப்போது நிலவறையில் உள்ள லாண்ட்ரியில் வேலை. உலர்த்தும் மெஷின்களுக்கு நடுவில் நின்று துவாய் மடிக்கிறார். விரல்கள் வெள்ளையாவதே இல்லை. டாக்டருக்குத் திருப்தி. போன கிழமை சாப்பாடு கொண்டு இறங்கிப் போனேன். “எப்பிடி இருக்கு?” என்றேன். துவாயைப் பார்த்தபடியே, “அல்லெஸ் கூட்” என்றார், எனக்கு, ஜெர்மனில்.

அங்கே வருடம் முழுக்க முப்பது டிகிரி சூடு... ஜன்னல்தான் இல்லை.