ஸ்டோர் அக்காவும் சுவரின் சிலையும்

நகராட்சிக் கிடங்குக்கு இருபத்தாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. ஊழியர் பட்டியலில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் நகராட்சித் தலைவர் முதல் குப்பை லாரி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. வளைந்துபோன விளக்குக் கம்பம், சங்கிலி அறுந்த பூங்கா ஊஞ்சல், ஆட்சி மாறும்போதெல்லாம் பெயர் மாறிய ஒரே தெருவின் நான்கு பெயர்ப் பலகைகள் என்று ஊர் வேண்டாமென்று கழித்ததெல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். அவள் எதையும் தூக்கிப் போடுவதில்லை. "இன்னைக்கு வேணாம்பாங்க, நாளைக்கு எங்க வெச்சீங்கன்னு வந்து நிப்பாங்க" என்பாள். பெயர்ப் பலகை விஷயத்தில் இரண்டு முறை அப்படியே நடந்தும் இருக்கிறது.

சுவரின் சிலையும் அப்படிக் கழித்துவிடப்பட்டு வந்ததுதான்.

சுவர் என்பது ஒரு மனிதரின் பட்டப்பெயர். இந்த ஊரில் பிறந்து நாட்டு அணிக்கே கோல்கீப்பர் ஆனவர். எந்தப் பந்தும் அவரைத் தாண்டிப் போகாது என்பதால் சுவர். அவர் புகழ் கொடிகட்டிப் பறந்தபோது, இரண்டு கைகளையும் விரித்துப் பாயும் கோலத்தில் அவருக்கு ஊர் நாற்சந்தியில் வெண்கலச் சிலை வைத்தார்கள். இரண்டே வருடம். ஓர் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் பந்து அவருடைய இடப்பக்கமாக உள்ளே போயிற்று. மூன்று வாரம் கழித்து, சூதாட்டத் தரகன் ஒருவனோடு அவர் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக வெளியே வந்தது. ஆயுள் தடை விதித்தார்கள். அன்று சாயங்காலம் ஊரே நாற்சந்தியில் திரண்டு, சிலையின் முகத்தில் தக்காளியும் முட்டையும் செருப்புமாக வீசித் தீர்த்தது.

ஸ்டோர் அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கால்பந்து இருந்தால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம். அவரும் தன் பங்குக்கு ஒரு செருப்பை வீசிவிட்டு, ஒற்றைச் செருப்போடு விந்தி விந்தி வீடு வந்தார். மறுநாள், 'துருப்பிடித்துவிட்ட காரணத்தால் பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி அகற்றப்படுகிறது' என்று தலைவர் கையெழுத்திட்ட ஆணையோடு சிலை கிடங்குக்கு வந்தது. வெண்கலம் எப்போது துருப்பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. இறக்கிய அவசரத்தில் இடது கை முழங்கையோடு ஒடிந்து எங்கோ போய்விட்டது. வலது அக்குளில் கணவரின் செருப்பு சிக்கியிருந்தது. அதைத் துடைத்து எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

"எங்க கெடச்சுது?" என்றார் கணவர்.

"நீங்க வெச்ச எடத்துலதான்."

நல்ல செருப்பு. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் உழைத்தது.

நான்கு வருடம் போயிருக்கும். கிடங்கின் பழைய இரும்பை எடுக்கும் வியாபாரி புதிதாக ஒரு டெம்போ டிரைவரை அனுப்பினார். தாடிக்காரர், தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருப்பார். புதன்கிழமை தவறாமல் வருவார், ஏற்றுவார், போவார். வாய் திறக்க மாட்டார். மூன்றாவது வாரம், மூலையிலிருந்த தார்ப்பாயை விலக்கிச் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எடைக்கு இல்ல தம்பி," என்றாள் ஸ்டோர் அக்கா.

"தெரியும்க்கா. மூக்கு தப்பா இருக்கு. அதான் பாத்தேன்."

"யாரு மூக்கு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் சிலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சிலையைப் பார்த்தாள். சிலை செய்யும் வேலை அப்போது தலைவரின் மச்சானுக்குக் கிடைத்திருந்தது ஊருக்கே தெரியும். "ஆமா தம்பி. இது தலைவரோட மச்சான் மூக்கு. கண்ணாடிய முன்னால வெச்சுக்கிட்டுச் செஞ்சிருப்பாரு," என்றாள்.

சுவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் முறை.

அதற்கப்புறம் ஏழு வருடம், புதன்கிழமைதோறும், சிலையின் பீடத்தில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தார்கள். கால்பந்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது. முழங்கால் வலி, டெம்போவின் கிளட்ச், மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அவருடைய ஒரே மகள், மனைவி போன பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தங்கை என்று பேச்சு ஓடும். யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கணவரிடம்கூட. அவரிடம் சொன்னால் பணிமனை முழுக்கச் சொன்ன மாதிரி.

ஒருநாள் நல்ல மழை. இரும்பு ஏற்ற முடியாமல் இருவரும் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தார்கள்.

"தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. நெசமாவே பணம் வாங்குனீங்களா?"

"வாங்குனேன்க்கா."

இப்படிப் பட்டென்று பதில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. "அப்ப அந்த கோலு, வேணும்னே விட்டதா?"

"அதான்க்கா கூத்து. பணத்த வாங்கிட்டேன். விட்டுடறதாத்தான் பேச்சு. ஆனா பந்து வர்றப்ப மனசு கேக்கல. என்ன ஆனாலும் ஆவட்டும்னு பாஞ்சேன். உசுரக் குடுத்துப் பாஞ்சேன்க்கா." டீயை ஒரு வாய் குடித்தார். "புடிக்க முடியல."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இத யாருகிட்டயும் சொல்லலியா?"

"விசாரணைக் கமிட்டியில சொன்னேன். அதுல ஒரு பெரியவரு அப்பத்தான் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தாரு. சிரிப்பு தாங்காம அவருக்குப் புரை ஏறி, தலையத் தட்டி, வெளிய கூட்டிட்டுப் போனாங்க. கமிட்டிய அன்னைக்கு ஒத்தி வெச்சுட்டாங்க." சுவர் தொடையில் தட்டிக்கொண்டார். "அந்தத் தரகன் என்ன சொன்னான் தெரியுமா? ராத்திரியே போன் பண்ணி, 'புடிக்கிற மாதிரியே பாஞ்சீங்களே அண்ணே, என்ன நடிப்பு, என்ன நடிப்பு'ன்னான்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு, வியாபாரியின் கடையில் இரும்பை இறக்கிக்கொண்டிருந்த சுவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கு ஊருக்குத் தெரிந்தது. பத்து மணிக்கு ஊர் அழ ஆரம்பித்தது.

பதினொரு வருடம் அவர் பெயரைச் சொன்னால் காறித் துப்பிய ஊர் அது. தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, அது மாபெரும் சதி என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதில் ஒருவர், அன்றைக்கு அவரைத் தூக்கில் போடச் சொன்னவர். சலூன்காரர் சுவரின் படத்தைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி மாட்டினார். அவர் தன்னிடம்தான் தினமும் முடி வெட்டிக்கொள்வார் என்றார். 'தினமுமா?' என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் அக்காவின் கணவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சி முன்னால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார். "கொன்னுட்டாங்களே பாவிங்க, சொல்லால அடிச்சே கொன்னுட்டாங்களே!"

"சொல்லால மட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாளைக்குப் புதன்கிழமை.

கிடங்கைத் திறந்ததும் தொலைபேசி அடித்தது. தலைவர். சிலை வைத்த காலத்திலிருந்தே அவர்தான் தலைவர்; கட்சி மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறார்.

"ஸ்டோர் அக்கா, நம்ம தங்கம் பத்திரமா இருக்கில்ல?"

"எந்தத் தங்கம் சார்?"

"சுவரும்மா! சிலை! சாயங்காலம் நாலு மணிக்கு அது நாற்சந்தியில நிக்கணும்."

"துருப்பிடிச்சிருக்குன்னு எழுதியிருந்தீங்களே சார்."

"இத்தன நாள்ல துரு போயிருக்கும்," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

துரு போனாலும் கை முளைக்கவில்லை. வெல்டர் வந்து ஒற்றைக் கைச் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கிடங்கைத் துழாவி, முன்னொரு காலத்து அமைச்சர் சிலையின் கை ஒன்றை இழுத்து வந்தார். ஆட்காட்டி விரல் நீட்டிய கை.

"அளவு கச்சிதமா இருக்குக்கா."

"வெரல நீட்டிக்கிட்டிருக்கே?"

"மணி பன்னண்டு ஆச்சு. எனக்கு இதான் தெரியும்."

பற்ற வைத்தார். சுவர் வலது கையால் பந்தைத் தடுக்கப் பாய்ந்துகொண்டே இடது கையால் யாரையோ குற்றம் சாட்டினார். சாயங்காலம் தொலைக்காட்சியில் ஒரு கலை விமர்சகர், அந்த விரல் இந்தச் சமூகத்தின் மனசாட்சியை நோக்கி நீள்கிறது என்று விளக்கினார். மூக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே, ஒரு மணி சுமாருக்கு, சுவர் வாராவாரம் இங்கே வந்து போனதை மோப்பம் பிடித்து ஒரு தொலைக்காட்சிக்காரப் பெண் கேமராவோடு வந்துவிட்டாள்.

"அம்மா, அவர் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவாராமே. அந்தக் கடைசி கோலைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

ஸ்டோர் அக்கா யோசித்தாள். செத்த மனிதரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. உண்மையில் பாதியை விழுங்கவும் கூடாது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள். "பணம் வாங்குனது நெசம்னு அவரே எங்கிட்ட சொன்னாரு. ஆனா பந்து வந்தப்ப புடிக்கத்தான் பாஞ்சாரு. உசுரக் குடுத்துப் பாஞ்சாரு. புடிக்க முடியல. ரெண்டும் நெசம்."

அந்தப் பெண் கேமராக்காரரைப் பார்த்தாள். கேமராக்காரர் தலையாட்டினார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மணிச் செய்தியில் ஸ்டோர் அக்கா வந்தாள். "புடிக்கத்தான் பாஞ்சாரு. உசுரக் குடுத்துப் பாஞ்சாரு," என்றாள். கீழே 'அப்பாவி! கிடங்குப் பெண்மணியின் கண்ணீர் சாட்சியம்' என்று சிவப்பு எழுத்து ஓடியது. கண்ணீர் என்பது புகையால். பின்னால் வெல்டர் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். கணவர் போன் பண்ணி, "ஏய், ஒனக்கு அவரத் தெரியுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!" என்று கத்தினார். கோபமா பெருமையா என்று அவருக்கே பிடிபடவில்லை. அவள் அந்தச் சேனலுக்குப் போன் போட்டு, மீதியையும் போடச் சொன்னாள். "நேரம் இல்லம்மா" என்று பதில் வந்தது. அதன் பிறகு அந்தப் பாதியையே ஒரு நாளைக்கு முப்பது தடவை போட்டார்கள்.

நான்கு மணிக்கு நாற்சந்தியில் எள் போட்டால் விழாத கூட்டம். 'பதினொரு வருடம் இந்தச் சிலையைக் கண்ணின் மணிபோலக் காத்தோம்' என்று தலைவர் தழுதழுத்தார். கணவரும் மலர் வளையத்தோடு போயிருந்தார். மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டவர், திரும்பி வந்து பார்த்தால் காணோம். இந்தத் தடவை இரண்டும் போயிருந்தது.

ஸ்டோர் அக்கா அங்கே போகவில்லை. அதே நான்கு மணிக்கு ஊர்க்கோடி மயானத்தில் சுவரை அடக்கம் செய்தார்கள். மகள், தங்கை, இரும்பு வியாபாரி, இரண்டு டிரைவர்கள், அவள். அவ்வளவுதான். ஒரு கேமராகூட இல்லை. எல்லாம் சிலைக்கு முன்னால் இருந்தன.

எல்லாம் முடிந்ததும் மகள் அவளிடம் வந்தாள். மருந்துக் கடைச் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"அத்தை, அப்பா உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு. டிவியில நீங்க பேசுனதப் பாத்தேன். நடுவுல வெட்டுன மாதிரி இருந்துச்சு. முன்னாடி என்ன சொன்னீங்க?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்," என்று சுவரின் தங்கை அவள் கையைப் பிடித்தாள். "ஊரே நல்லபடியாப் பேசுது. விட்டுடு."

ஸ்டோர் அக்காவுக்கும் விட்டுவிடத்தான் தோன்றியது. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால், இத்தனை வருடமும் ஊர் கொடுத்த ஒரு பாதியோடும், இன்று காலையிலிருந்து கொடுக்கும் மறு பாதியோடும் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. முழுவதையும் சொன்னாள். மழை, டீ, வாங்கினது, பாய்ந்தது, பிடிக்க முடியாமல் போனது எல்லாம்.

"நான் கேட்டப்பல்லாம், டீ ஆறிடும் குடின்னுடுவாரு," என்றாள் மகள். பிறகு, "இதச் சொல்றப்ப அழுதாரா அத்தை?"

"அழறதா? கமிட்டியில ஒரு பெரியவருக்குப் புரை ஏறுனதச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சாரு. அதையும் சொல்றேன் கேளு."

சொன்னாள். மகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். தரகன் போன் பண்ணின இடத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மயானத்தில் யார் சிரிப்பது என்று இரும்பு வியாபாரி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மகள், தங்கை, ஸ்டோர் அக்கா மூவரும் சுவரின் டெம்போவிலேயே திரும்பினார்கள். மகள்தான் ஓட்டினாள், கிளட்ச் இன்னும் சரியாகவில்லை. நாற்சந்திக்கு நூறு அடி முன்னாலேயே போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வண்டி போகாதும்மா. சுவர் ஐயாவுக்கு அஞ்சலிக் கூட்டம் நடக்குது. சுத்திக்கிட்டுப் போங்க."

"சரி சார்," என்று மகள் டெம்போவைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினாள்.