மாப்பிள்ளையைப் பார்க்கப் போனவன்

ஹேமந்துக்கு முப்பத்திரண்டு வயது. மைசூரின் மண்டி மொஹல்லாவில் அண்ணன் வேலாயுதத்தின் வீட்டு மாடியறையில் இருந்தான். நஞ்சன்கூட்டில் ஓர் ஆலையில் மெஷின் ஆபரேட்டர். காலை ரயிலில் போய் மாலையில் திரும்புவான். பருத்த தோள், கனத்த குரல், ஓய்வு நாளில் கபடி. அவன் ஆண்களை விரும்புகிறவன் என்று பார்த்தவர் எவருக்கும் தோன்றியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு வீட்டில் அவனுக்குப் பெண் தேடத் தொடங்கியபோது அண்ணி உமாதேவியிடம் மட்டும் அதைச் சொன்னான். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லிப் பெண் தேடுவதை நிறுத்தினாள். விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காக அவன் அவளை வேறு எவரையும்விட மதித்தான். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர் அந்த ரகசியத்தைப் புரிந்துகொண்டவர் என்று நினைத்துவிட்டான். இரண்டும் ஒன்றல்ல.

குடும்ப விசேஷங்களுக்கு மட்டும் அவள் அவனை அழைத்துப் போவதில்லை. உறவினர் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்பாள். அவனும் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவான். அதனால், போன தை மாதம், நஞ்சன்கூட்டில் தன் தங்கை ஜீவிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள், நீ கட்டாயம் வர வேண்டும் என்று அவள் சொன்னதும், அதற்கென்று ஒரு நீலச் சட்டை வாங்கித் தந்ததும் அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. ஆலையில் இரண்டு பேரிடம் அதைச் சொன்னான்.

மாப்பிள்ளையின் பெயர் பரத். மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மெல்லிய குரல். கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருந்தான். ஜீவிதாவின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று கண்டு, காலி காபி டம்ளர்களை அவனே பொறுக்கிச் சமையலறை வாசல்வரை கொண்டுபோய்க் கொடுத்தான். கதவருகே நின்ற ஜீவிதா சிரித்தாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது என்பது ஹேமந்துக்குத் தெரிந்தது. அதை மட்டும்தான் அன்று அவன் நிச்சயமாகத் தெரிந்துகொண்டான்.

சிறிது நேரத்தில் உமாதேவி அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"எப்படித் தெரியுது?"

"நல்ல மனுஷன் அண்ணி."

"அதைக் கேக்கல. அம்மா ஃபோட்டோலயே சந்தேகப்பட்டாங்க. நர்ஸ் வேலை, அந்தக் குரல், இப்ப டம்ளர வேற எடுத்துட்டு வர்றான். அந்த மாதிரியா இருக்குமோ? உனக்குப் பாத்தாலே தெரியும்ல? நெஜமா சொல்லுப்பா, அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

ஹேமந்த் புதுச் சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்தான். அவன் மெதுவாகக் கேட்டான்.

"ஆறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். நானா சொல்லலைன்னா என்னை உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"உன்னை யாரு சந்தேகப்படுவா? நீ நல்லா ஆம்பளை மாதிரிதானே இருக்க."

அவனைப் பாராட்டுவதாக எண்ணித்தான் அவள் சொன்னாள். எனக்குத் தெரியாது அண்ணி என்று சொல்லிவிட்டு அவன் கூடத்துக்குத் திரும்பினான். உட்கார்ந்த பிறகு அவன் கண் பரத்தின் விரல்களுக்குப் போயிற்று, கால்மேல் கால் போட்டிருந்த விதத்துக்குப் போயிற்று. தானும் அதையே தேடுகிறோம் என்று உணர்ந்து தரையைப் பார்த்தான்.

திரும்பும் ரயிலில் வேலாயுதம் எதிரில் உட்கார்ந்திருந்தான். உமாதேவி ஜன்னலோரம். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தபோது வேலாயுதம் தம்பியின் பக்கம் குனிந்தான்.

"ஏன்டா, மாப்பிள்ளை அந்த மாதிரின்னு நீதான் சொன்னியாம். உனக்கு எப்படிடா தெரியும்?"

குரலில் கேலி இருந்தது. கண்ணில் இல்லை. ஹேமந்த் உமாதேவியைப் பார்த்தான். அவள் வெளியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எதுவும் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். சொல்லவில்லை. மூன்று வருடம் அவள் காத்ததை ஒரு மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க இப்படிச் செலவழித்துவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. அண்ணன் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தான்.

"நடையப் பாத்தாலே தெரியுதே அண்ணா. டம்ளரத் தூக்கிட்டுப் போனான் பாருங்க."

வேலாயுதம் தொடையில் தட்டிச் சிரித்தான். அவன் முகத்திலிருந்த கேள்வி போய்விட்டது. எனக்கும் அப்பவே தோணுச்சு என்றான். மறுநாள் காலை ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

பரத் எப்படிப்பட்டவன் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஊகம் தப்பென்றால் யாரும் திரும்பி வந்து திருத்துவதில்லை. அது அடுத்த ஊகத்துக்குச் சாட்சியாக நின்றுவிடுகிறது. ஜீவிதா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை என்று கேள்வி. ஹேமந்தை நல்லவன் என்று சொல்ல, இதை எழுதும் எனக்கு மனம் வரவில்லை. அவன் இருந்த இடத்தில் நான் இருந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன் என்று சொல்லவும் வரவில்லை.

பங்குனியில் ஜீவிதாவுக்கு இன்னொரு வரன் வந்தது. ஞாயிறு காலை ஹேமந்த் குளித்துவிட்டு வந்தபோது நீலச் சட்டை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைக்கப்பட்டிருந்தது. கீழே உமாதேவி, சீக்கிரம் வா, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டாள். அவன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான். அந்த மாதமே ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டான்.

ஏன் போகிறாய் என்று வேலாயுதம் பல முறை கேட்டான். பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவும் கேட்டாள். உமாதேவி மட்டும் கேட்கவில்லை.