குடை இல்லாத குடைக்கடை

ஒரு பாவாடைத் துணியைத் தடவிப் பார்க்க எனக்கு இரண்டு கைகளும் எதற்குத் தேவைப்பட்டன? தெற்குமாசி வீதியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஐந்து வயது மகளின் கையை விட்டுவிட்டு அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்தேன். திரும்பினால் அவள் இல்லை.

சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன். "அம்மா கை விட்டுப்போச்சுன்னா குடைக்கடை வாசல்ல போயி நில்லு." சிறுவயதில் பசுமலையிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் என் அம்மா எனக்குச் சொன்னதும் அதுதான்.

அந்தக் குடைக்கடைக் கட்டிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது கீழ்த்தளம் முழுக்கக் கறுப்புக் குடைகள். பிறகு ரெடிமேட் கடை, பாத்திரக்கடை, இப்போது செல்போன் கடை. வந்தவரெல்லாம் முன்பக்கத்தை இடித்துக் கட்டினார்கள். கண்ணாடியும் விளக்குமாக ஜொலிக்கிறது. மேல்மாடியை மட்டும் யாரும் தொடவில்லை. சுண்ணாம்புப் பூவேலையும் பச்சை மரச் சன்னல்களும் அப்படியே இருக்கின்றன. பழசையும் புதுசையும் ஒரே சுவரில் சேர்த்துவைக்க இந்த வீதிக்குத்தான் தெரியும். ஆட்டோக்காரர் முதல் பூக்காரம்மா வரை எல்லோருக்கும் அது இன்னமும் குடைக்கடைதான்.

அங்கே ஓடினேன். மகள் இல்லை. எதிரே பட்டனும் நூலும் விற்கும் பாய் என் முகத்தைப் பார்த்ததும் கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா, பிள்ளையக் காணுமா?"

"ஆமா பாய். மஞ்சக் கவுனு. குடைக்கடையில நிக்கச் சொல்லியிருந்தேன்."

அவர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். அவர்கள் அடுத்த கடைக்கு. "மஞ்சக் கவுனு! அஞ்சு வயசு!" வியாபாரம் நடந்துகொண்டிருந்த நேரம். ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் எட்டிப் பார்த்தார். கடை கடையாகப் போன குரல் திரும்பி வந்தது: "இங்கன நிக்கிது, பாய்!"

ஏழெட்டுக் கடை தள்ளி, பைகள் விற்கும் ஒரு கடை. மழைக்காலமென்று வாசலில் கலர் கலராகக் குடைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றைக் கண்டதும் அவள் யாரிடமும் வழிகேட்கவே இல்லை. சுவரோடு ஒட்டி, அழாமல் நின்றிருந்தாள்.

"ஸ்டூல் போட்டேன், உக்காரமாட்டேங்குது. அம்மா நிக்கத்தான் சொன்னாங்களாம்," என்றார் கடைக்காரர்.

கூடவே வந்த பாய் சிரித்தார். "குடைக்கடையில நில்லுன்னுட்டு நீங்க போன் கடையில போயித் தேடுனா? எம்புட்டு நேரம் தேடுனாலும் கிடைக்குமா? பிள்ளை சரியாத்தான் நிக்கிது."

"நீதாம்மா லேட்டு," என்றாள் மகள். அவளை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டேன்.

தீபாவளித் துணிக்கு மறுபடி அங்கே போக வேண்டும். போன் நம்பரை மனப்பாடம் செய்ய வை என்கிறார் கணவர்; வைத்தேன். பயத்தில் ஓர் எண் மாறிவிட்டால்? கோயில் கோபுரத்தைச் சொல்லலாமா என்றால், இருப்பது ஒன்றா இரண்டா? பாய் கடையைச் சொல்ல நினைத்தேன். அவரும் இடித்துவிட்டு மாடி எடுக்கப் போகிறாராம். மாசி வீதிகளில் சின்னப் பிள்ளைகளோடு நடக்கிறவர்களே, உங்கள் பிள்ளைகளிடம் எந்த இடத்தைச் சொல்லிவைத்திருக்கிறீர்கள்? தயவுசெய்து எனக்கும் எழுதுங்கள்.