ஜப்பான்காரரிடம் நங்கை கேட்ட கேள்வி

எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் முக்கால்வாசி பம்புசெட் சம்பந்தப்பட்டது. பேரிங் சூடாகிறது, வால்வு ஒழுகுகிறது, இந்தச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறோம், உங்களுக்கு வெட்கமாக இல்லையா. இளவயதில் அங்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தபோது ஃபோர்மேன் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது அது. மீதிக் கால்வாசி, திட்டு வாங்கிய பிறகு மன்னிப்புக் கேட்பதற்கானது. இதை வைத்துக்கொண்டு நகர நிர்வாகத்தைப் பற்றிப் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கோயமுத்தூரில் ஒருவனுக்கு ஒரு வேலை தெரியும் என்று பெயர் கிளம்பிவிட்டால், தெரியாது என்று மறுப்பது மரியாதைக் குறைவாகிவிடுகிறது.

அதனால் பழைய முதலாளி கூப்பிட்டபோது போனேன். அவருடைய பம்பு கம்பெனியை விட்டு, நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிப் பிழைக்க வந்து பல வருடங்களாகிவிட்டன. ஐம்பது தாண்டி மூட்டுவலி வந்த பிறகும் அவருக்கு நான் 'நம்ம பையன்'தான்.

விஷயம் இதுதான். ஜப்பானில் பெரிய நகரங்களுக்கு ஒரு தனி அந்தஸ்து உண்டு. ஐந்து லட்சம் பேருக்கு மேல் இருந்தால் அரசு ஆணை போட்டு அந்த நகரத்தைத் தனியாகக் குறிப்பிடலாம். அதன் பிறகு மாநிலம் மாதிரி மேலே இருக்கும் அமைப்பு செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றை நகரமே செய்துகொள்ளும். சாலை, சுகாதாரம், வாத்தியார் நியமனம் எல்லாம் அதன் கையில். பல காரியங்களுக்கு நேராக டோக்கியோவிடமே பேசிக்கொள்ளலாம். ஐந்து லட்சம் என்பது தீபாவளிக்கு முந்தின நாள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டம் என்று முதலாளி அடித்துச் சொல்வார். அப்படியிருக்க, ஒவ்வொரு கையெழுத்துக்கும் நாம் ஏன் மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டும்? கோவைக்கும் அப்படி ஒரு அந்தஸ்து கேட்டு அவரும் சில தொழிலதிபர்களும் அரசுக்கு மனுக் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னோட்டமாக, ஜப்பானின் அப்படியொரு நகரத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவினாசி ரோடு ஓட்டல் ஒன்றில் கூட்டம். மொழிபெயர்ப்பு நான்.

முந்தின நாள் சாயங்காலம் நங்கை போன் செய்தார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்போம். அன்னூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் சொந்த ஊருக்கு அவர் பஞ்சாயத்துத் தலைவி. பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தார்.

"ஏனுங்க தம்பி, நாளைக்கு ஒரு ஜப்பான்காரர் வாராராமா?"

"ஆமாங்க நங்கை."

"அவிய ஊர்லயும் சுத்துப்பட்டுக் கிராமத்தையெல்லாம் சேத்தித்தான் சிட்டியைப் பெருசு பண்ணுனாங்களாமா? பொண்ணு செல்போன்ல பாத்துச் சொன்னா."

"ஆமாங்க. நெறைய ஊர்ல அப்படித்தான்."

"அப்ப நானும் வாரேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்குது."

மாநகராட்சியோடு சேர்க்கப்போகும் கிராமங்களின் பட்டியலில் எங்கள் ஊரும் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிராம சபை. சேர்வதற்குச் சம்மதமா, எதிர்ப்பா என்று அதில் தீர்மானம் போட வேண்டும். சேர்ந்தால் நூறு நாள் வேலை நின்றுவிடும் என்று பெண்கள் நங்கையைச் சுற்றிக்கொண்டார்கள். சேராவிட்டால் நிலம் விலை ஏறாது என்று சொந்த நிலமுள்ள தோட்டக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். தோட்டக்காரர்களில் முதல் ஆள் என் அண்ணன். அதாவது நங்கையின் வீட்டுக்காரர். இரண்டாவது ஆள், அங்கே தென்னந்தோப்பு வாங்கிப் போட்டிருந்த முதலாளி. எந்தப் பக்கம் சாய்வது என்று நங்கைக்கே தெரியவில்லை. அனுபவப்பட்ட ஒருவர் வாயால் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்திருக்கிறார்.

காலையில் ஓட்டல் வாசலிலேயே முதலாளி என் தோளில் கை போட்டார். "பாருங்க கண்ணு, பத்திரிகைக்காரங்கெல்லாம் வந்திருக்காங்க. யாராச்சு ஏடாகூடமா கேட்டா அதை அப்படியே போட்டு ஒடைக்க வேண்டியதில்ல. கொஞ்சம் பதமா மாத்திச் சொல்லிபோடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"செரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

அதிகாரி மெலிந்த மனிதர். படம் போட்டு, மெதுவாகப் பேசினார். நகரமே தன் சாலையைப் போட்டுக்கொள்ளும் என்று நான் சொன்னபோது அரங்கில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நேராகத் தலைநகரத்தோடு பேசலாம் என்றதும் கைத்தட்டல். "அப்ப மெட்ராஸ் போகவே வேண்டியதில்லீங்களா?" என்று ஒருவர் எழுந்து கேட்க, அரங்கம் முழுக்கச் சிரிப்பு. நகரத்தைப் பல வார்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் இருப்பார், அவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மேயர் நியமிப்பார் என்றும் அவர் சொன்னார். அதற்கு யாரும் கைத்தட்டவில்லை. கவனித்ததாகவும் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். நங்கை.

"வணக்கமுங்க. நானு ஒரு பஞ்சாயத்துத் தலைவிங்க. எங்கூர்ல தண்ணி வல்லைன்னா சனம் விடியறதுக்கு முந்தியே என்ற ஊட்டுக் கதவைத் தட்டும். நல்லாத் திட்டும். நானும் வாங்கிக்குவேன், அப்புறம் ஓடிப்போயி மோட்டாரைப் பாப்பேன். உங்கூர்ல கிராமத்தைச் சிட்டியில சேத்துன பொறகு, தண்ணி வல்லைன்னா அந்தச் சனம் யார் ஊட்டுக் கதவைத் தட்டுதுங்க? யாரைத் திட்டுதுங்க?"

முன்வரிசையில் முதலாளி திரும்பி நங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் புன்னகை இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நான் பதமாக மாற்றினேன். கொங்குநாட்டில் வளர்ந்தவனுக்குப் பதத்தைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? தங்கள் மேலான உரையால் நெகிழ்ந்துபோன இந்த அம்மையார், தங்கள் நகரில் குடிமக்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான இனிய உறவைப் பற்றி அறிய மிகவும் பணிவுடன் விரும்புகிறார் என்று ஜப்பானிய மொழியில் இழுத்தேன். மன்னிப்புக் கேட்கக் கற்ற அத்தனை வார்த்தைகளும் அதில் உபயோகப்பட்டன. அதிகாரி எழுந்து இடுப்பு வரை குனிந்தார். அருமையான கேள்வி, மக்களின் குரலை எங்கள் நகரம் எப்போதும் மதிக்கிறது என்றார். அதை நான் தமிழாக்கினேன். கைத்தட்டல்.

நங்கை உட்காரவில்லை.

"தம்பி, நானு கேட்டது அத்தனை நீளம் இல்லீங்களே?"

சிலர் சிரித்தார்கள்.

"திட்டறதுன்னு ஒரு வார்த்தை சொன்னனே, அது நீங்க சொன்னதுல எங்கீங்க இருந்துச்சு? ஒண்ணுகூடக் காரமாக் கேக்கலியே. கல்யாணத்துக்குக் கூப்புடற மாதிரியல்ல இருந்துச்சு!"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி பாதி எழுந்து, "அம்மணி, நேரமாச்சுங்க. சாப்பாடு ஆறிப் போகுது. வாங்க, சாப்புட்டுட்டே பேசிக்கலாம்" என்றார். மைக்கைக் கொடுத்திருந்த ஓட்டல் ஆள் நங்கையை நோக்கி நடந்தான், வாங்கிக்கொள்ள. நங்கை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் என் முதலாளியைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த ஊர் முன்னால் நிற்க வேண்டும்.

பதமான ஜப்பானிய மொழி அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது ஃபோர்மேனுடையது. அதில் கேட்டேன். "கிராமத்தை எடுத்துக்கொண்டீர்கள். தண்ணீர் நின்றுபோகிறது. மக்கள் யாரைத் திட்டுவது? அந்த ஆள் எங்கே இருக்கிறான்?"

அதிகாரியின் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார், நாளைக்குப் பேப்பரில் அதுதான் வரும் என்று நான் நினைத்தேன். முதலாளியும் அதைத்தான் நினைத்திருப்பார், அவருடைய கழுத்து விறைத்திருந்தது.

அதிகாரி குட்டி குட்டி வாக்கியங்களாகப் பேச ஆரம்பித்தார். எனக்கே சுலபமாகப் புரிந்தது. அப்படியே சொன்னேன்.

அந்தச் சேர்ப்பு வேலையைச் செய்த அலுவலகத்தில் அவரும் இருந்தாராம். சேர்க்கப்பட்டவை மலையோரச் சிற்றூர்கள். புது வார்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் சண்டை நடந்ததாம், எந்த ஊர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று. அந்த வார்டு அலுவலகத்தில் யார் உட்காருவார் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். இப்போது சாலை நன்றாக இருக்கிறது. ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருகிறது. அது உண்மை. ஆனால் அப்புறம் வார்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். வார்டு அலுவலகம் போய், அந்த ஊர்களில் மிஞ்சியது இரண்டு மூன்று கவுன்ட்டர்.

"தண்ணீர் வராவிட்டால் ஒரு எண்ணுக்குப் போன் செய்கிறார்கள்" என்றார். "நகரத்தில் ஒருவர் எடுக்கிறார். மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். அவரைத் திட்ட முடியாது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது."

"போதுங்க. ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி நங்கை கும்பிட்டார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

லிஃப்டில் முதலாளியும் நானும் மட்டும்.

"அந்த அம்மணி உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"அண்ணன் சம்சாரமுங்க."

"முன்னாலயே சொல்லியிருந்தா முன்வரிசையில ஒரு சேர் போட்டிருப்பனே கண்ணு." எங்கள் ஊரில் இதைவிடக் கடுமையாக ஒருவரைக் கண்டிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கிராம சபைக்குப் போய்ப் பின்னால் நின்றேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. நான் இப்போது துடியலூர்க்காரன். எங்களை மாநகராட்சியோடு சேர்த்து வெகுகாலமாயிற்று. தண்ணீர் வராவிட்டால் நான் டிவியைத் திட்டுகிறேன்.

சமுதாயக்கூடம் நிரம்பி வழிந்தது. அண்ணன்தான் முதலில் எழுந்தார். "ஜப்பான் கதை நமக்கெதுக்குங்க? சேந்தா ரோடு வரும், சாக்கடை வரும். நெலத்துக்கு நாலு காசு ஏறும்."

"நெலம் இருக்கறவியளுக்கு ஏறுமுங்க" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "எங்களுக்கு நூறு நாள் வேலையல்ல போயிரும்?"

"வேலை போனா மில்லுக்குப் போறது."

"மில்லுல உங்க சம்சாரத்தைச் சேத்துக்குவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, அப்புறம் நாங்க வாரோம்!"

சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. ஏனென்றால் அந்தச் சம்சாரம்தான் மேசைக்குப் பின்னால் தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

நங்கை எழுந்தார். அதிகாரி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். சாலையையும் ஆம்புலன்ஸையும் முதலில் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. பிறகு போன் எடுக்கிறவரைச் சொன்னார்.

"எதிர்ப்புன்னு சொல்றவிய கையைத் தூக்குங்க" என்றார் ஊராட்சி செயலர்.

பெண்கள் பக்கம் கைகள் மொத்தமாக எழுந்தன. ஆண்கள் பக்கம் அங்கங்கே. பலர் முதலில் அண்ணனைப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள், சிலர் அண்ணனைப் பார்த்துவிட்டு இறக்கினார்கள். அண்ணன் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு மேசையை நேராகப் பார்த்தபடி இருந்தார். செயலர் எண்ணிக்கொண்டு வந்து மேசையருகே நின்றார். நங்கையின் கை இன்னும் மேசைமேல்தான் இருந்தது. முந்தானையைச் சரிசெய்தார். அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். தயங்காமல், தோளுக்கு மேலே, கடைசி வரிசையில் நிற்கிற எனக்கும் தெரிகிற மாதிரி.

எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. அரசு அதை மதிக்குமா என்பது வேறு விஷயம்.

கூட்டம் கலைந்தபோது அண்ணன் வெளியே புங்கமரத்தடியில் மொபெட்டை ஸ்டார்ட் செய்து, ஏறி உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பவில்லை. இரண்டு பேரும் அந்த ஒரே வண்டியில்தான் வந்திருந்தார்கள். நங்கை எல்லோருக்கும் போய்ட்டு வாங்க சொல்லி முடித்து, மெதுவாக நடந்து வந்து, பின்னால் ஏறிக்கொண்டார்.

"போலாமுங்க" என்றார்.

அண்ணன் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். வண்டி நகர்ந்தது.