ஆயர் வருது

தண்ணீர்க் குழாய்களுக்குக் காது கொடுப்பதுதான் என் வேலை. மண்ணுக்கடியில் எங்கே ஒழுகுகிறது என்று இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றிக் கேட்பேன். தொட்டிகளில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார் பொருத்துவேன். வீடு பெர்மாஸ் ஜெயாவில், அலைச்சல் ஜொகூர் மாநிலம் முழுக்க. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மலாய்க்காரர்கள். மலாயில் தண்ணீரை ஆயர் என்பார்கள். அதனால் எனக்கும் வாயைத் திறந்தால் ஆயர்தான்.

என் மாமியார் காஹாங்கில் இருக்கிறார். அங்கே செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன மாதா கோயில். திருவிழாச் சமையலுக்கு அவர்தான் தலைவி. போன வருடம் திருவிழா அன்று காலை தொட்டி காலி. குளுவாங் டவுனிலிருந்து சோற்றுப் பொட்டலம் வரவழைத்தார்கள். அதைச் சொன்னாலே மாமியாருக்கு இன்றைக்கும் கண் கலங்கிவிடும். "இந்த வருஷமும் பொட்டலம்னா நான் கரண்டியைக் கீழ வச்சிருவேம்மா" என்றார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் நஷ்டம் எனக்குத்தான். அந்த ஆட்டுக்கறிக்காகத்தான் முருக பக்தையான நான் தவறாமல் பூசைக்குப் போகிறேன்.

அதனால் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே கோயில் தொட்டியில் ஒரு சென்சார் மாட்டினேன். உள்ளே ஒரு சிம் கார்டு. சமையல் குழுவின் ஐந்து பெண்களுக்கும் அது செய்தி அனுப்பும். செய்திகளை நானே தமிழில் தட்டினேன். ஆயர் வருது. ஆயர் குறையுது. ஆயர் முடிஞ்சது. கத்தோலிக்கத் தமிழர்கள் பிஷப்பை ஆயர் என்பார்கள் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பெரிய கெட்டிக்காரி இல்லையா!

திருவிழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, பெர்மாஸ் ஜெயாவில் இருந்தபடியே செய்தி அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து பெண்களின் போனுக்கும் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி போனது: ஆயர் வருது.

பிஷப் வரக்கூடும் என்று ஊரில் ஏற்கனவே ஒரு பேச்சு இருந்ததாம். மாமியாருக்கு முதலில் கோபம். வர்றார் என்று எழுதத் தெரியாத மரியாதை கெட்டவன் யார் என்று திட்டிக்கொண்டே ஊரைக் கூட்டியிருக்கிறார். நாற்பது பேர் வந்து கோயிலை உச்சி முதல் வாசல் வரை கழுவித் தள்ளினார்கள். சாமந்தியில் ஆளுயர மாலை ஒன்றும் தயாரானது.

ஒன்பதரைக்கு அடுத்த செய்தி: ஆயர் குறையுது. உடம்புக்கு என்னவோ என்று ஜெபமாலை தொடங்கியது. பத்தேகாலுக்கு என் போன் அலறியது. மாமியார் அழுதுகொண்டிருந்தார்.

"ஆயர் முடிஞ்சிட்டாராமேம்மா!"

"முடியாம என்னங்கத்தை? காலையிலேர்ந்து திறந்து விட்டா?"

"யாரு திறந்தா? என்னத்தைத் திறந்தா?"

"நீங்கதான். பைப்பை."

செய்தி அனுப்பினது தொட்டியில் மாட்டின சென்சார் என்றேன். "ஐயோ மாதாவே" என்று சிரித்தார் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நாளைக்கும் பொட்டலம்தானா?"

என்னால் தாங்க முடியவில்லை. போனில் தொட்டியின் கணக்கைத் திறந்து பார்த்தேன். இந்த இரண்டு வாரமும் ஊரே தூங்கும் நேரத்தில்கூட மட்டம் சீராக இறங்கியிருந்தது. அவர்கள் கழுவியதில் மட்டும் காலியாகவில்லை, எங்கேயோ ஒழுகுகிறது. இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். என்னையே திட்டிக்கொண்டு, கம்பியைக் காரில் போட்டு, கணவரை ஓட்டச் சொன்னேன்.

கோயிலில் நாற்பது பேரும் அப்படியே நின்றிருந்தார்கள், பாதிப் பேர் கையில் துடைப்பத்தோடு. தொட்டியில் ஒரு ஜாண் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, சமையல் கட்டுக்குப் போகும் குழாய் நெடுகக் கம்பியை ஊன்றிக் கேட்டேன். செம்பருத்திச் செடியருகே "ஸ்ஸ்ஸ்" என்று தெளிவாகக் கேட்டது. "இங்க தோண்டுங்க" என்றேன். பிஷப்பை வரவேற்க வெள்ளைச் சட்டை போட்டு வந்தவர்கள் மண்வெட்டியைத் தூக்கினார்கள். இரண்டடி ஆழத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "அலமாக், இதுதானா லா!" என்று மலாய் கலந்து வியந்தார் ஒருவர். குழாயை வெட்டி மாற்றி மூட மணி மூன்றாகிவிட்டது.

பிறகு தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு எல்லாரும் காத்திருந்தோம். மாமியார் தொட்டியைப் பார்க்கவேயில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு அது 'டிங்' என்றது.

"ஆயர் வருது!" என்று கத்தினார். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள்.

செய்தியைத் தண்ணீர் என்று மாற்றித் தருகிறேன் என்றேன். "சும்மா இரு. 'வருது'வை மட்டும் 'வர்றார்'னு மாத்து" என்றார் மாமியார். பிறகு ஏணியில் ஏறி, அந்த ஆளுயர மாலையைத் தொட்டியின் கழுத்தில் போட்டார். இறங்கி வந்து, இடுப்பில் செருகியிருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பு மூட்டப் போனார்.